மூன்றாம் மேசையில் கேட்ட சத்தம்

சிலருக்கு வாயைக் கொடுத்த ஆண்டவன் அதற்கு ஒரு மூடியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். ரேடியோக்காவுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அந்தத் திங்கட்கிழமை காலை அவள் அறிவிப்புப் பலகை முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றிருக்கவும் மாட்டாள்.

பலகையில் ஒட்டியிருந்தது நாலே வரி. போன வருஷம் எட்டு மாதம் நம் சலவைப் பிரிவில் இருந்து ஆராய்ச்சி செய்த பல்கலைக்கழக அம்மையார், தம் நூலை அச்சுக்கு அனுப்புமுன் இங்கே வந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி, சாப்பாட்டு அறை. மேலாளரும் கலந்துகொள்வார்.

மற்றவர்களுக்கு ஒரே குஷி. "நம்மளைப் பத்திப் புஸ்தகமாம்டி! என்னை அழகா எழுதியிருப்பாளா?" என்று ஒருத்தி கேட்க, "இருக்கிறதைத்தானே எழுத முடியும்" என்று இன்னொருத்தி வாரினாள். ரேடியோக்காவின் கண் கடைசி வரியை விட்டு நகரவில்லை. மேலாளரும் கலந்துகொள்வார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால்கூடப் பரவாயில்லை, இங்கே கெடப்போவது பக்கத்தில் இருந்தவள்.

பக்கத்தில் இருந்தவள் அவளுடைய அண்ணி, அதாவது புருஷனின் அக்கா. ரேடியோக்காவை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது சலவைப் பிரிவு. ஜன்னல் கிடையாது, நாள் முழுக்க ட்யூப் லைட்தான். ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள் உறுமும், இன்னொரு பக்கம் உருளை இஸ்திரியிலிருந்து படுக்கை விரிப்புகள் சூடாக வந்து விழும். மடித்து அடுக்க ஆறு மேசை, மேசைக்கு நாலு பெண்கள். குறுகலான மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று ஜோடியாக நின்று, ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடிக்க வேண்டும். மூன்றாம் மேசையில் அண்ணி, ரேடியோக்கா, நெட்டை, புதுசு. புதுசு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் அவள் புதுசுதான்.

ரேடியோக்காவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் அவளோடு ஐந்து நிமிஷம் நின்றதில்லை என்று அர்த்தம். அண்ணி அதற்கு நேர் எதிர். நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று திட்டு. புருஷனோடு சரிப்படாமல் ஒரே பெட்டியோடு வந்தவள், வந்த மறுவாரமே இந்த வேலையில் சேர்ந்து, "என் சோறு என் காசு, ஒருத்தர் கையை நான் பார்க்க மாட்டேன்" என்று தம்பி வீட்டிலேயே வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறாள். வீட்டில் அண்ணிக்கும் ரேடியோக்காவுக்கும் நடக்கிற சண்டை நாலு வீட்டுக்குக் கேட்கும். குழாயை யார் சொட்டவிட்டது, துண்டை எந்தக் கம்பியில் போடுவது, இதற்கெல்லாம் உலகப்போர். வேலைக்கு வந்து மேசையில் நின்றுவிட்டால் மட்டும் நாலு கையும் ஓர் உடம்பில் முளைத்த மாதிரி ஓடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணியின் கண் மங்க ஆரம்பித்தது. அவர்கள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியிலேயே கண் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் சமாச்சாரம் அலுவலகத்துக்குப் போய்விடுமே என்று, இரண்டு பஸ் மாறி ஊரின் அந்தக் கோடியில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது, நிறுத்த மருந்தில்லை என்றார் அவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தம்பிகிட்டகூடச் சொல்லக் கூடாது. உன் வாயை இன்னிக்காவது தைச்சுக்க."

பயம் சும்மா இல்லை. இஸ்திரிப் பக்கம் ஒரு அக்கா இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவள். கை நடுங்க ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் 'உடல் தகுதி இல்லை' என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் நிறைந்தால்தான் ஓய்வூதியம், அவளுக்கு நிறையவில்லை. அண்ணிக்கு அது நிறைவதற்கு இப்போது இன்னும் பதினோரு மாதம் பாக்கி.

அதனால் மூன்றாம் மேசை ஒரு வழி கண்டுபிடித்தது. கிழிசலையும் தையல் விட்ட இடத்தையும் அண்ணியின் விரல் யார் கண்ணையும் முந்திக்கொண்டு பிடித்துவிடும். கறையையும் நிறத்தையும் விரல் பிடிக்காதே! எதிரே நிற்பவள் மேசை விளிம்பை விரல் முட்டியால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் கறை, மறு துவையல் கூடையில் போடு. இரண்டு தட்டு என்றால் நீல ஓரம், அறுவைப் பிரிவு அடுக்கில் வை. தட்டாவிட்டால் பச்சை ஓரம், வார்டு அடுக்கு. காலையில் ரேடியோக்கா எதிரே நிற்பாள், மதியம் நெட்டை. ஆறு வருஷமாக அந்த மேசையிலிருந்து ஒரு கறை விரிப்பு மாடிக்குப் போனதில்லை. கண்ணிருக்கிறவர்களின் மேசைகளிலிருந்து போயிருக்கிறது.

போன வருஷம்தான் அந்தப் பல்கலைக்கழகப் பெண், நோட்டுக்காரி, வந்து சேர்ந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும், நடுவிரலில் தடியாக ஒரு வெள்ளி மோதிரம், சட்டைப் பையில் உள்ளங்கை அளவு நோட்டு. மானிடவியல் படிக்கிறேன் என்றாள். மனுஷங்க எப்படிச் சேர்ந்து வாழுறாங்க, எதை எதுக்காகச் செய்யுறாங்கன்னு பார்க்கிற படிப்பு என்றாள்.

"எங்களை எதுக்கும்மா பார்க்கணும்? காட்டுக்குள்ள யாராச்சும் இருப்பாங்களே" என்றாள் நெட்டை.

"காட்டுக்குப் போனா அங்கயும் இதையேதான் கேக்குறாங்க. நாங்க சாதாரணமாத்தானே இருக்கோம், எங்களை எதுக்குன்னு."

கேள்வித்தாளோடு வந்து கட்டம் போட்டுக்கொண்டு போவாள் என்று நினைத்தார்கள். அவள் வேலை அங்கியை மாட்டிக்கொண்டு கூடை தள்ள வந்துவிட்டாள். பக்கத்தில் நின்று செய்தால்தான் தெரியும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது என்பது அவர்கள் படிப்பின் முதல் பாடமாம். முதல் நாள் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். என்ன செய்யப் போகிறாள், பெயரை வெளியே சொல்ல மாட்டாள், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று நிதானமாக விளக்கினாள். பாதிப் பேர் அவள் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், டீ ஆறிக்கொண்டிருந்தது. பகலில் சின்ன நோட்டில் கிறுக்குவாள், சாயங்காலம் வீட்டுக்குப் போய் பெரிய நோட்டில் விரிவாக எழுதுவாள். டீ வாங்கி வரும் முறை யாருக்கு எப்படி வருகிறது, யார் டப்பாவில் யார் கை வைக்கலாம், புதிதாக வருகிறவளுக்கு முதல் வாரம் ஏன் சூடான விரிப்பையே தள்ளிவிடுகிறார்கள், எல்லாம் அந்த நோட்டுக்குள் போனது.

ரேடியோக்காவிடம் ஒருநாள் குடும்ப வரைபடம் போட்டாள். வட்டம் என்றால் பெண், முக்கோணம் என்றால் ஆண்.

"என் வீட்டுக்காரர் முக்கோணமா? சரியாத்தான் வச்சிருக்கீங்க, எந்தப் பக்கம் போனாலும் குத்தும்."

நோட்டுக்காரி சிரித்துவிட்டு, "இதுல யாரோட நீங்க அதிகமாச் சண்டை போடுவீங்க?" என்று கேட்டாள்.

"அண்ணியோட."

"உடம்புக்கு முடியலைன்னா யாரை முதல்ல கூப்பிடுவீங்க?"

"அண்ணியை."

"நல்லது கெட்டது எதுன்னாலும் யார்கிட்ட முதல்ல சொல்லுவீங்க?"

"அட, அதுவும் அவங்கதான். விடுங்க, வேற கேளுங்க."

நோட்டுக்காரி மூன்று கோட்டையும் அந்த ஒரே வட்டத்துக்கு இழுத்தாள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தடித்துப்போயின. அதைப் பார்த்து ரேடியோக்காவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவளிடம் இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி உட்கார்ந்து கேள்வி கேட்டதில்லை. கேட்காமலேயே பேசுகிறவளிடம் யார் கேட்கப்போகிறார்கள்! "நீங்கதான் எனக்கு முக்கியத் தகவலாளி அக்கா" என்று நோட்டுக்காரி சொன்ன அன்று வீட்டுக்கு மிதந்துகொண்டே போனாள்.

தட்டும் சத்தத்தை நோட்டுக்காரி இரண்டாவது மாதமே கவனித்துவிட்டாள். வேறு எந்த மேசையிலும் இல்லையே என்று கேட்டாள். நெட்டை "பழக்கம்" என்றாள். புதுசு "சும்மா" என்றாள். அண்ணி அடுத்த விரிப்பை உதறினாள். ஒருத்தர் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் தேட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். தேடட்டும் என்று விட்டிருந்தால் தேடிக்கொண்டே இருந்திருப்பாள். நாலாவது மாதம், டீ நேரத்தில், ரேடியோக்காவிடம் சொன்னாள்: "இப்பப் புரியுதுக்கா. வேலை அலுப்புத் தெரியாம இருக்க ஒரு தாளம் மாதிரி, இல்லையா?"

அங்கேதான் நாக்கில் சனி உட்கார்ந்தது. ஆறு வருஷமாக ஊசி முனையில் நிற்பது போல் நின்று செய்கிற காரியத்தை, பொழுதுபோகாமல் தாளம் போடுகிறார்கள் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டு போவதா?

"தாளமாவது கூளமாவது! அது எங்க அண்ணியோட கண்ணும்மா" என்றாள். அதற்கப்புறம் நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது? முழுவதையும் சொல்லி முடித்தாள். நோட்டுக்காரி நோட்டை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது. "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று கடைசியாக ரேடியோக்கா கேட்டுக்கொண்டபோது தலையாட்டினாள். அவள் வேலையே எழுதுவது என்பது அப்போது ரேடியோக்காவுக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருமுறை நெட்டை கால் சுளுக்கி மூன்று வாரம் வரவில்லை. மதியங்களில் அண்ணிக்கு எதிரே நோட்டுக்காரிதான் நின்றாள். ரேடியோக்கா பக்கத்து ஜோடியில் நின்றுகொண்டு, தன் விரிப்பு பாதி, அண்ணியின் விரிப்பு பாதி என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். கழுத்து வீங்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று வாரமும் ஒரு விரிப்புகூடத் தப்பவில்லை. பரவாயில்லையே, நமக்கு நாலு கண் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அந்த நாலு கண்காரிதான் இப்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் சாயங்காலம் அவள் வீட்டில் பேசவில்லை. செவ்வாயும் பேசவில்லை. வேன் ஓட்டிவிட்டு வந்த புருஷன், "டாக்டர்கிட்டக் காட்டலாமா?" என்று அக்காவிடம் கேட்டார். "ரெண்டு நாள் நிம்மதியா இரேன்டா" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, தட்டைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தவள், ரேடியோக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு நிமிஷம் நின்றாள். இப்போதெல்லாம் அவளுக்கு நிழல்தான் தெரியும். அந்த நிழலைப் பார்த்து என்ன நினைத்தாளோ, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

சொல்லிவிடலாமா என்று ரேடியோக்காவுக்கு நூறு தரம் தோன்றியது. என்னவென்று சொல்வது? அண்ணி, நீங்கள் என்னை நம்பிய ஒரே விஷயத்தை ஒரு டீக்கு விற்றுவிட்டேன் என்றா? வேலை போவது ஒரு பயம். அது யாரால் போனது என்று அண்ணிக்குத் தெரிவது அதைவிடப் பெரிய பயம். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மூன்று கட்டடம் விசாரித்து, நாலு மாடி ஏறி, நோட்டுக்காரியின் அறையைக் கண்டுபிடித்தபோது மூச்சு வாங்கியது. அலமாரி முழுக்கப் பெரிய நோட்டுகள். மேசையில் தட்டச்சுச் செய்த தாள்கள் ஒரு கட்டு.

"வாங்கக்கா! உட்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். அண்ணி விஷயம் அதுல இருக்கா?"

நோட்டுக்காரி கொஞ்சம் தயங்கினாள். "இருக்கு. ஆனா பேரெல்லாம் மாத்திட்டேன். ஊர் பேரும் இல்லை, ஆஸ்பத்திரி பேரும் இல்லை."

"ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? ஊருக்குத் தெரியாது, சரி. உள்ள இருக்கிறவனுக்குத் தெரியாதா? தட்டுற மேசை ஒண்ணுதான் இருக்கு. அந்த மேசையில நாலு பேர்தான். மூணு பேருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. நீ என்ன பேரு வச்சா என்ன?"

நோட்டுக்காரி கட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்தாள். முப்பது பக்கம் இருக்கும். "இதுதான் அக்கா புஸ்தகத்தோட உயிரு. மூணு பேர் சேர்ந்து ஒருத்திக்குக் கண்ணா இருக்கீங்க. யாரும் யாருக்கும் நன்றி சொல்லலை, கணக்குப் பார்க்கலை. இதைப் பார்க்கத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இதை எடுத்துட்டா மீதி வெறும் டீ முறையும் டப்பாவும்தான்."

"உன் புஸ்தகத்துக்கு உயிரு. எங்க அண்ணிக்கு?"

நோட்டுக்காரி அந்தத் தாள்களைக் கட்டின்மேல் திரும்ப வைத்தாள். அலுவலகம் அனுமதி கொடுத்தபோதே ஒரு பிரதி தங்களுக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறது, வெள்ளிக்கிழமை அதை மேலாளர் கையில் கொடுக்க வேண்டும் என்றாள்.

"கையெழுத்துப் போட்டோமே ஒரு தாளு, அதுல விலகிக்கலாம்னு இருந்துச்சே. நான் சொன்னதைத் திருப்பிக் கொடுத்துடும்மா. நான் சொல்லலைன்னு வச்சுக்க."

"நீங்க சொன்னதைத் திருப்பிக் கொடுக்கலாம்." நோட்டுக்காரி மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நானே அந்த மேசையில நின்னதை என்ன செய்யறது? நான் யோசிக்கணும் அக்கா."

யோசிக்கணுமாம்! மாடிப்படி இறங்கும்போது ரேடியோக்காவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. திட்ட வேண்டியது யாரை என்று யோசித்தால் விரல் தன் பக்கமே திரும்பியது. வியாழக்கிழமை அவள் கண்ணெதிரே இரண்டு கறையைத் தவறவிட்டாள். நல்லவேளை, நெட்டை இழுத்துப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சாப்பாட்டு அறை நிரம்பி வழிந்தது. மேலாளர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பிரதி இருந்தது. அண்ணி கடைசி பெஞ்சில் சுவரோரம், கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு இருந்தாள். ரேடியோக்கா அவளை ஒட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று பேர், உடம்பு பெஞ்சில் படவில்லை.

நோட்டுக்காரி வாசிக்க ஆரம்பித்தாள். டீ முறை வந்தது, சிரித்தார்கள். சோப்புக்காக நடந்த பெரிய சண்டை வந்தது, இன்னும் சிரித்தார்கள். முக்கோணத்தைப் பற்றி ஒருத்தி சொன்னது வந்தபோது எல்லோரும் திரும்பி ரேடியோக்காவைப் பார்த்தார்கள். பேர் மாற்றிய அழகு இதுதான்! அவளால் சிரிக்க முடியவில்லை.

"மூன்றாம் மேசையில் இருப்பவர்கள் மடிக்கும்போது மேசையைத் தட்டுவார்கள்" என்று வாசித்தாள் நோட்டுக்காரி. ரேடியோக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் என்று கேட்டேன். பழக்கம் என்றார்கள். எட்டு மாதம் பார்த்தும் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை."

அடுத்த தாளைப் புரட்டினாள், மேலாளரும் தம் பிரதியில் கூடவே புரட்டினார். அவ்வளவுதான். முப்பது பக்கம் மூன்று வரியாகியிருந்தது. ரேடியோக்காவுக்கு நாலு நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசித்து முடித்ததும் மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்தத் தட்டுற சத்தம். அதுக்குக் காரணமே இல்லையாம்மா?"

"எனக்குத் தெரியலை சார்."

"இத்தனை படிப்புப் படிச்சு, எட்டு மாசம் கூடவே இருந்து, தெரியலைன்னு எழுதறதுக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். நோட்டுக்காரியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. மேலாளர் பிரதியை மூடினார். "காரணம் இல்லாத சத்தம் எதுக்கு? ஏற்கெனவே மெஷின் சத்தம் காதைக் கிழிக்குது. திங்கக்கிழமையிலேர்ந்து தட்டக் கூடாது. நானே வந்து நின்னு பார்க்கிறேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ரேடியோக்கா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி கோத்த கையைப் பிரிக்கவே இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடு வீடாக இல்லை. "திங்கக்கிழமை லீவு போட்டுடுங்க அண்ணி, காய்ச்சல்னு சொல்லிக்கலாம்" என்றாள் ரேடியோக்கா. "ஏன், செவ்வாக்கிழமை வராதா?" என்றாள் அண்ணி. கையால் சைகை செய்யலாமா என்றால் பார்க்கக் கண் வேண்டும். இருமலாமா என்றால் ஒரு நாளைக்கு நானூறு இருமலா இருமுவது? ஞாயிறு மதியம் துணி உலர்த்தும்போது, "அண்ணி, நான் ஒரு தப்பு..." என்று ஆரம்பித்தாள். "துண்டை அந்தக் கம்பியில போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அண்ணி. ஆரம்பித்தது அங்கேயே நின்றுபோனது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேலாளர் வந்து மூன்றாம் மேசையின் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உருளையிலிருந்து முதல் விரிப்பு விழுந்தது. பச்சை ஓரம், சுத்தமாக இருந்தது. அண்ணியும் ரேடியோக்காவும் உதறி மடித்தார்கள். அண்ணி அதை வார்டு அடுக்கில் வைத்தாள். இரண்டாவதும் பச்சை. ரேடியோக்காவுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை ஓயவில்லை.

மூன்றாவது விரிப்பின் நடுவில், ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை.

மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பு மடிந்து பாதியாயிற்று. கால்வாசியாயிற்று. அண்ணியின் கை பழக்கத்தில் வார்டு அடுக்குப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. ரேடியோக்காவின் விரல் முட்டி தானாகவே மேசையை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. கையைத்தான் அவர் பார்க்கிறாரே. யோசிக்க நேரமில்லை. செருப்பிலிருந்து காலை உருவி, மேசைக்கு அடியில் நீட்டித் துழாவி, அண்ணியின் பாதத்தை ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

அண்ணியின் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. கை மட்டும் திசை மாறியது. விரிப்பு மறு துவையல் கூடையில் விழுந்தது.

அடுத்தது நீல ஓரம், இரண்டு அழுத்து. அறுவைப் பிரிவு அடுக்கில் போய் உட்கார்ந்தது. இருபது விரிப்பு வரைக்கும் நின்று பார்த்த மேலாளர், "பாருங்க, தட்டாமலே நடக்குதுல்ல?" என்று சொல்லிவிட்டு, தன் சாமர்த்தியத்தில் தானே திருப்தியாகி மாடிக்குப் போனார். நெட்டையும் புதுசும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரேடியோக்கா அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீதானே சொன்னே?" என்றாள் அண்ணி.

குரல் உயரவில்லை, கையும் நிற்கவில்லை. ரேடியோக்காவின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவியது.

"பிடி, தரையில படப்போகுது. நெட்டை வராத அந்த மூணு வாரம். நீ தட்டினா மேசையே ஆடும். புதுசு தட்டினா எலி சுரண்டுற மாதிரி இருக்கும். மதியத்துல எனக்கு நேர் எதிர்லேர்ந்து புதுசா ஒரு கை தட்டுச்சு. மெதுவா, டிங்குன்னு, மோதிரம் போட்ட கை. முதல் நாளே ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ரெண்டு, தப்பே இல்லாம தட்டுச்சு. யாரோ சொல்லித்தானே தெரியணும்? உன்னைத் தவிர இந்த மேசையில யாருக்கு வாய் நிக்காது?"

தன் நாலு கண்ணைப் பற்றி ரேடியோக்கா மெச்சிக்கொண்டதெல்லாம் அந்த நிமிஷம் உதிர்ந்தது. தான் பார்த்தது பாதிதான். மீதியை எதிரே நின்றவள் பார்த்துத் தட்டியிருக்கிறாள். அந்த மோதிரக் கையால்தான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு பேர் சிரிக்கத் தலைகுனிந்து நின்றிருக்கிறாள்.

"ஒரு வருஷமா தெரியுமா அண்ணி?" "ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலே? திட்டியிருக்கலாமே. ஒரு வாரமா நான் செத்துச் செத்துப் பிழைச்சேனே."

"கேட்டா நீ அழுவே. அழுதா உனக்குக் கறை தெரியாது. உனக்குத் தெரியலைன்னா எனக்குத் தெரியாது." அண்ணி விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். "பாரு, இப்ப அழுதுட்டுத்தான் நிக்கறே. இது என்ன ஓரம்?"

ரேடியோக்கா தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். காலை நீட்டி இரண்டு முறை அழுத்தினாள்.

"மெதுவா மிதிடி" என்றாள் அண்ணி, அறுவைப் பிரிவு அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டே. "இன்னும் பதினோரு மாசம் இந்தக் கால் வேணும்."